வேலாயி அக்கா வாங்கிய வைன் பெட்டி

பதுளை நகரத்தில் முப்பது வருஷமாக மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். லிங்கம் முதலாளி என்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பதும் தெரியும். நாலு சாமானை இறக்கிக் காட்டச் சொல்லி, விலை கேட்டுவிட்டு, "போய்ட்டு வாறோம்" என்று நடையைக் கட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாங்கிய சாமானைத் தாங்களே கெடுத்துவிட்டுக் கடைமேல் பழி போடுகிறவர்களை என் கண்ணிலேயே காட்டக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவு அழகானதில்லை.

கதை வேலாயி அக்காவுடையது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அப்புத்தளைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே இருபத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தார். புருஷன் கணபதிக்குத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் பூந்தோட்ட வேலை. ஒருநாள் வேலியோரம் புல் வெட்டும்போது குளவிக்கூடு கலைந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ஆள் முடிந்துபோனார். அப்போதிருந்த துரை இரக்கப்பட்டு அக்காவைப் பங்களாக் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பின்பக்கமிருந்த இரண்டறை வீட்டையும் கொடுத்தார்.

கொடுத்தார் என்றால் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை இருக்கும்வரை வீடு, அவ்வளவுதான். லயத்தில் அவர்கள் இருந்த காம்பரா அறையைத் தோட்டம் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. பங்களா வேலை போனால் அக்காவும் மகள் துஷாந்தியும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு றோட்டில்தான் நிற்க வேண்டும். துஷாந்தி அப்போது தாதிப் படிப்பில் இரண்டாம் வருஷம்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பங்களாவைக் கொழும்புக் கம்பெனியொன்று குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் இடமாக மாற்றியது. மேனேஜராகக் கிருஷ்ணராஜ் வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து போன் கோல் வந்தாலே எழுந்து நின்று பேசுகிற ஆள். போன டிசம்பரில் அவன் அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். ஜனவரியில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், எல்லோரும் கோல்ஃப் பைத்தியங்கள், மூன்று நாள் தங்குவார்கள், நடுவில் ஒருநாள் நுவரெலியாவுக்குப் போய் விளையாடிவிட்டு வருவார்கள். இவர்களைத் திருப்தியாக அனுப்பினால் பங்களாப் பொறுப்பு அக்காவுக்கே நிரந்தரம், வீட்டுக்கும் கடிதம். சொதப்பினால் ஹோட்டல் படிப்புப் படித்த ஒருவரைக் கொழும்பிலிருந்து போடுவார்கள், அவருக்கு அந்த வீடு தேவைப்படும். கையோடு இரண்டு வேலையும் கொடுத்தான். வைன் போத்தல்களைக் குளிரில் வைக்க ஒரு சில்லர் பெட்டி வாங்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் கோல்ஃப் சம்பந்தமாக ஆளுக்கொரு பரிசு பார்க்க வேண்டும். தெரிந்தெடுப்பது அக்காவின் பொறுப்பு.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸேறி என் கடைக்கு வந்தார். சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை, கையில் குடை, ஒரு அளவு நாடா.

"வைன் போத்தல் வைக்கிற பிரிட்ஜ் இருக்குங்களா மொதலாளி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். என் கடையில் அப்போது இரண்டு வைன் சில்லர்கள் இருந்தன. ஒன்று ஐம்பது போத்தல் பிடிக்கிற பெரியது. கொழும்பிலிருந்து எடுத்து ஒன்றரை வருஷமாகத் தூசி பிடித்துக் கிடந்தது. மற்றது பதினெட்டுப் போத்தல் பிடிக்கிற சின்னது. பெரியதை அக்காவின் தலையில் கட்டிவிட வேண்டும் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, வியாபாரி மனசு அப்படித்தான்.

"இதைப் பாருங்கக்கா. மேல் தட்டுக்கு ஒரு குளிர், கீழ்த் தட்டுக்கு ஒரு குளிர். வெள்ளை வைன் மேல, செவப்பு கீழ. கண்ணாடிக் கதவு, உள்ளுக்கு நீல லைட்டு. கொழும்புல பெரிய ஹோட்டல்ல எல்லாம் இதுதான்."

அக்கா கதவைத் திறந்து பார்க்கவில்லை. "கரண்ட் போடுங்க" என்றார். போட்டேன். அது ஒரு உறுமல் உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது. அக்கா உள்ளங்கையை அதன் மண்டையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்.

"நடுங்குதுங்களே."

"மெசின்னா நடுங்காமலா இருக்கும்?"

"செவப்பு வைன்ல அடியில மண்டி நிக்கும் மொதலாளி. நான் ஊத்திக் குடுக்குறப்ப பாத்திருக்கேன். ராவும் பகலும் இப்புடி ஆட்டிக்கிட்டிருந்தா மண்டி எங்கிட்டு ஒக்காரும்?"

என் கடையில் வேலை செய்யும் ஷாகிரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்பது வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறவள், என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. அவளே போய்ச் சின்னதன் பிளக்கைச் சொருகினாள். அது சத்தமே காட்டவில்லை. அக்கா அதன் மேலும் கை வைத்துப் பார்த்தார், பிறகு நாடாவை எடுத்து அகலம், உயரம் அளந்தார். பின்பக்கம் காற்றுப் போக எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்டார். குசினியில் அடுப்புப் பக்கம் வைக்க முடியாது, சாமான் அறையில் சன்னலுக்கு எதிரே வெயில் படாத சுவரில் வைக்கிறேன் என்றார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மொதலாளி, கோவிச்சிக்காதீங்க. அப்புத்தளையில சனவரி மாசம் தேங்காயெண்ணெயே கட்டியாப் போயிருது. அந்தக் குளுருக்குள்ள இது எதுக்குங்க?"

"ஒங்களுக்கு என்னக்கா தெரியும்? வைன் குடிக்கிறவங்க ஒவ்வொரு டிகிரியா கணக்குப் பாக்குறவங்க. ஒங்க மேனேஜர் சேர் வாங்கச் சொன்னாரா இல்லையா? வாங்கிட்டுப் போங்க."

அந்த நேரம் பார்த்து என் கைத்தொலைபேசி அடித்தது. மொத்த வியாபாரி மிப்ரான். பெருநாள் சரக்கு இன்னும் வரவில்லை என்று அவனோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அக்கா என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். "ஆமாக்கா, ஆமா, ஆமா" என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி மிப்ரானைத் திட்டப் போய்விட்டேன்.

பரிசுக்கும் என்னிடம் சாமான் இருந்தது. கண்ணாடி அலுமாரியில் கோல்ஃப் பந்து மாதிரியே செய்த மேசை மணிக்கூடு, கைப்பிடி கோல்ஃப் மட்டை மாதிரி வளைந்த கோப்பை, மட்டை பிடித்து நிற்கிற பித்தளைப் பொம்மை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அக்கா மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வச்சி அவங்க என்னங்க செய்வாங்க?"

"மேசையில வைப்பாங்க."

"இதுமாரி அவங்க வூட்டுல நாப்பது கெடக்குமே மொதலாளி. பொறந்த நாளைக்கு, கலியாண நாளைக்குன்னு எல்லாரும் இதைத்தான் குடுத்திருப்பாங்க." மணிக்கூட்டை மெதுவாகத் திருப்பி வைத்தார். "போன வருசமும் நாலு பேரு விளையாடிப்புட்டு வந்தாங்க. மழை. கால்ல போட்டிருந்த சப்பாத்தை நான்தான் அடுப்படியில காய வச்சேன். பை நனைஞ்சி, மட்டையோட புடியெல்லாம் ஊறி, வழுக்குது வழுக்குதுன்னு பொலம்புனாங்க. அவங்களுக்கு வேண்டியது படங்குதாங்க."

படங்கு என்றால் கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற, தண்ணீர் புகாத தடித்த துணி. மழையும் தேயிலைச் செடியின் ஈரமும் முள்ளும் உடம்பில் படாமல் காக்கும். எனக்கு வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா?

"கொழும்புப் பெரிய மனுசங்களுக்கு இடுப்புல படங்கு கட்டி மலைக்கு ஏத்தப் போறீங்களா? அப்புடியே ஆளுக்கொரு கூடையையும் குடுத்துருங்க!"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "கூடை வேணாங்க, பைக்குத் தலைப்பாகை மாதிரி ஒரு மூடி தச்சா போதும்" என்றார். சின்ன சில்லருக்கு மட்டும் பில் போடச் சொன்னார். போகும்போது ஷாகிராவிடம் தடித்த ரெக்ஸின் துணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார். ஐம்பது போத்தல் பெட்டி இன்னும் என் கடையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து நானே வேனில் கொண்டுபோய் இறக்கினேன். சாமான் அறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். கண்ணாடிக் கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டினார். எந்தப் பட்டனை எதற்கு அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்துப் பதின்மூன்று டிகிரியில் வைத்துவிட்டு வந்தேன். ரெக்ஸின் துணி ஒரு பக்கம் சுருட்டிக் கிடந்தது. தையல் மெசினில் துஷாந்தி உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணராஜ் கோல் எடுத்தான். குரல் கிழிந்துபோயிருந்தது.

"என்ன மெசின் குடுத்தீங்க? ஒரு ராத்திரியில செத்துக் கெடக்கு! கஜேந்திரன் சேர் ஃபிரான்ஸ்ல இருந்து கொண்டாந்த போத்தலை நேத்து அதுக்குள்ள வச்சோம். காலையில வந்து பாத்தா லைட்டும் இல்ல, ஒன்னும் இல்ல. என்னை நாயைப் பேசுற மாதிரிப் பேசிட்டுப் போறாரு. சாயந்தரம் வந்ததும் என்ன பதில்னு கேட்டிருக்காரு."

கஜேந்திரன் என்பவர்தான் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தலைவர். கொழும்பில் பெரிய வக்கீல். வேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பண்டாரவளை தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது, அப்புத்தளையில் முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கம்கூடத் தெரியாத மூட்டம். பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் நேரே சாமான் அறைக்குப் போனேன். சில்லருக்குள் போத்தல் எதுவும் இல்லை. கிருஷ்ணராஜ் பயத்தில் எல்லாவற்றையும் வெளியில் எடுத்துச் சுவரோரம் வெறும் சீமெந்துத் தரையில் அடுக்கியிருந்தான். மெசினைப் பார்த்தேன். பிளக் சொருகியிருக்கிறது, சுவரில் சுவிட்ச் மேலே இருக்கிறது. தட்டினேன். நீல லைட் எரிந்தது. சத்தமில்லாமல் ஓடியது.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "எந்த மடையன்யா சுவிட்ச்ச நிப்பாட்டினது?"

குசினி வாசலிலிருந்து அக்கா சொன்னார். "நான்தாங்க."

தோட்டத்துப் பக்கம் பிரிட்ஜ் வைத்திருக்கிற வீடுகளில் ராத்திரியானால் அதை நிறுத்திவிட்டுப் படுப்பார்கள். கரண்ட் மிச்சம், இடி மின்னல் பயமில்லை, எப்படியும் விடியும்வரை குளிர்தான். காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும்போது போடுவார்கள். அக்காவும் ஒரு மாதமாக அப்படித்தான் செய்திருக்கிறார். அன்றைக்குக் கஜேந்திரன் விடியற்காலையிலேயே எழுந்து தன் போத்தல்களைப் பார்க்க வந்துவிட்டார். அதன்பிறகு கிருஷ்ணராஜ் அக்காவைப் பேசவும் விடவில்லை, நான் வரும்வரை மெசினைத் தொடவும் விடவில்லை.

கிருஷ்ணராஜ் கதவைச் சாத்தினான். "இங்க பாருங்க, அக்கா நிப்பாட்டினாங்கன்னு வெளியில தெரியக் கூடாது. ஹெட் ஒஃபீசுக்குப் போனா அடுத்த வாரமே வேற ஆள் வந்துருவாரு. மெசின் பழுதுன்னு சொல்லிருவோம். முதலாளி மாத்தித் தாறதாச் சொல்லட்டும்."

"என் கடையில பழுதுச் சாமான் விக்கிறதில்ல" என்றேன்.

"ஒரு வார்த்தைதானே முதலாளி!"

"ஒங்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு முப்பது வருசப் பேரு. தப்பு யாரு செஞ்சாங்களோ அவங்க சொல்லட்டும்."

அக்கா தலையை ஆட்டினார். "மொதலாளி சொல்றது சரிதாங்க சேர். நல்ல மெசின் மேல ஏன் பழி போடணும்? நானே சொல்லிக்கிறேன்." சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு தோலுரிக்கப் போய்விட்டார்.

நான் நியாயத்தைப் பேசிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, ஷாகிராவுக்குக் கோல் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"முதலாளி, அந்த அக்கா அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டாங்களே."

"என்னத்தை?"

"ராவுல இதை நிப்பாட்டலாமான்னு. நீங்கதானே ஆமா ஆமான்னு கையை ஆட்டினீங்க. நான் பக்கத்துலதானே நின்னேன். தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

போனை வைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்த நினைப்பு, ஷாகிராவைத் தவிர யாருக்கும் இது தெரியாது என்பதுதான். அக்காவுக்கு ஞாபகம் இல்லையோ என்னவோ. பேசாமல் வேனில் ஏறிப் போய்விடலாம். சாவியைக்கூட வெளியில் எடுத்தேன். குசினிக்குள் அக்கா யாரிடமோ, "துஷாந்தி பரீச்ச முடியிறவரைக்குமாச்சும் வூட்டுல இருக்க விடுவாங்களான்னு கேக்கணும்" என்று சொல்வது கேட்டது. சீ என்று போனது எனக்கு. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

நாலரை மணிக்கு வேன்கள் வந்தன. பன்னிரண்டு பேரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். ஆனால் பைகள் இறங்கியபோது பார்த்தேன், ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை ரெக்ஸின் மூடி, நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒருவர் மூடியை நீக்கி மட்டையை எடுத்துக் காட்டினார், பிடி காய்ந்திருந்தது. தொந்தி பெருத்த இன்னொருவர் அதே துணியில் தைத்த படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கொழுந்து நிறுக்க வந்த ஆள் மாதிரி வராந்தாவில் நின்றார். "இதில்லாட்டி இண்டைக்கு ஒன்பதாம் குழியோட திரும்பியிருப்பம்" என்று சிரித்தார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நானும் சிரித்திருப்பேன்.

கஜேந்திரன் சிரிக்கவில்லை. துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே நேரே சாமான் அறைக்கு வந்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

"என்ன நடந்தது?"

"மெசின்ல ஒன்னும் இல்லீங்க தொரை" என்றார் அக்கா. "நான்தான் ராவுல நிப்பாட்டினேன். எங்க பழக்கம் அது."

"நிப்பாட்டச் சொல்லி யார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் செஞ்சேன்."

இதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "நான் சொன்னேன் சேர்" என்றேன். "இந்த அக்கா வாங்குறப்பவே ராவுல நிப்பாட்டலாமான்னு கேட்டாங்க. நான் வேற ஆளோட போன்ல பேசிக்கிட்டு, என்ன கேக்குறாங்கன்னே கேக்காம ஆமான்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது. போத்தல் கெட்டுப் போயிருந்தா நான்தான் பொறுப்பு."

கஜேந்திரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "விக்கிற மனுசன் கேள்வியைக் காது குடுத்தாவது கேக்க வேணாமா?" என்றார். கோர்ட்டில் எத்தனையோ பேரை அழ வைத்திருப்பார் என்று புரிந்தது. பிறகு குனிந்து தரையிலிருந்த தன் போத்தல் ஒன்றை எடுத்துத் திறந்தார். சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு சின்ன வெப்பமானியை எடுத்து, கிளாஸில் ஊற்றி அதற்குள் விட்டார்.

"பதின்மூண்டு" என்றார்.

மறுபடி பார்த்தார். காலையிலிருந்து மெசினுக்கு வெளியில், வெறுந்தரையில் கிடந்த போத்தல் அது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார்.

"இந்த வீட்டுக்கு என்னத்துக்கு ஒரு மெசின்?"

"அதையும் இந்த அக்கா வாங்குறப்பவே என்கிட்ட கேட்டாங்க சேர்" என்றேன். "ஒங்களுக்கு என்ன தெரியும்னு நான்தான் சொன்னேன்."

அவர் ஒன்றும் பெரிய மனசு காட்டிப் பேசிவிடவில்லை. "சரி, பசிக்குது, சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா "ஏழரைக்குங்க" என்றார். அவ்வளவோடு அந்தப் பேச்சு முடிந்தது. வக்கீல் திங்கட்கிழமை போகும்போது இன்னும் ஆறு படங்கு தைத்துக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லி முகவரி கொடுத்தாராம். மார்ச் மாதம் கம்பெனியிடமிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. பங்களாப் பொறுப்பு அவருக்கு, வேலையில் இருக்கிற காலமும் அதற்குப் பிறகு ஐந்து வருஷமும் வீடு அவருக்கு. கிருஷ்ணராஜ் அதை எனக்குப் படம் எடுத்து அனுப்பினான்.

ஏப்ரலில் சுடுதண்ணீர் ஹீட்டர் ஒன்று மாட்ட அந்தப் பக்கம் போனேன். சில்லர் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே நாலு வைன் போத்தல், மற்றத் தட்டுகளில் கறிவேப்பிலையும் தக்காளியும். ஏப்ரல் வெயிலுக்கு அது உதவுதுங்க என்றார் அக்கா. குசினியில் தேத்தண்ணி கொடுத்தார்.

"ஒன்னு கேக்கணும் மொதலாளி" என்று ஆரம்பித்தார்.

"இருங்க, முதல்ல நான் ஒன்னு கேட்டுக்கிறேன்" என்றேன். மூன்று மாதமாகத் தொண்டைக்குள் நின்ற கேள்வி. "அன்னைக்கு யாரும் சொல்லலைன்னு சொன்னீங்களே. மறந்துட்டீங்களா? மொதலாளிதான் நிப்பாட்டலாம்னு சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒங்க மேல பழியே வந்திருக்காதே."

"மறக்கலைங்க." அக்கா முந்தானையால் மேசையைத் துடைத்தார். "நீங்க அன்னைக்குப் போன்ல சண்டை போட்டுக்கிட்டில்ல இருந்தீங்க. நான் கேட்டது ஒங்க காதுல விழவே இல்லன்னு எனக்குத் தெரியும். எங்க பேச்சு அப்புடித்தாங்க, பாதிப் பேருக்குக் காதுல விழாது. விழாத பேச்சுக்கு நீங்க சொன்ன பதிலை, பதிலுன்னு எப்புடிங்க இன்னொருத்தருகிட்ட சொல்றது?"

செருப்பால் அடித்திருந்தால்கூட இந்த அளவுக்கு வலித்திருக்காது. அக்கா அதைக் குத்திக்காட்டவும் இல்லை, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தேத்தண்ணியைக் குனிந்து குடித்துச் சமாளித்தேன்.

சட்டைப்பையில் கைத்தொலைபேசி அடித்தது. மிப்ரான். நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"என்னமோ கேக்கணும்னீங்களே அக்கா" என்றேன். "கேளுங்க."